கோடை சாலட் வகுப்பு என்று 3,850 ரூபாயை விழுங்கிவிட்டார்கள், உஷார்!

கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான்தான் ஏமாந்தேன், அடுத்தவராவது தப்பிக்கட்டும் என்றுதான் இந்தப் பதிவு. கடைசியில் சில டிப்ஸும் சொல்கிறேன்.

படமும் குட்டி வீடியோவும் போடுகிற செயலி ஒன்றில் இயங்கும் சமையல் பக்கம் அது. புகார் கொடுத்திருப்பதால் இப்போதைக்குப் பெயரைச் சொல்லவில்லை. கத்திரி வெயில் தொடங்கும் முன்னே விளம்பரம் போட்டார்கள். வீட்டிலேயே ஆரோக்கியமான சாலட், கடையில் வாங்காத டிரெஸ்ஸிங், நாலு நேரலை வகுப்பு. கூடவே வீட்டுக்கு ஒரு பெட்டி வரும். அதில் ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா விர்ஜின் (அதாவது காயை நேராகப் பிழிந்து எடுத்த, சுத்திகரிக்காத உயர்தர) ஆலிவ் எண்ணெய், ஆப்பிள் சிடர் வினிகர், கடுகு பேஸ்ட், விதைக் கலவை எல்லாம் இருக்கும். எல்லாம் சேர்த்து 3,850 ரூபாய்.

விளம்பரத்தைப் பார்த்ததும் பணம் கட்டிவிடவில்லை. எங்கள் அத்தைக்குச் சர்க்கரை இருக்கிறது. காய்கறி அதிகம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஆனால் அத்தைக்குக் கடைவாய்ப் பல் கிடையாது, பச்சைக் காயைக் கடிக்க முடியாது. இதை அந்தப் பக்கத்துக்கு எழுதிக் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்ணின் குரல் பதிவாகப் பதில் வந்தது. "அக்கா, வெள்ளரிக்காயைத் துருவி ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பிசறி வைங்க. தண்ணி விட்டதும் லேசா பிழிஞ்சிடுங்க. ஊறின பாசிப்பருப்பை ஒரு கொதி விட்டு வடிச்சுச் சேர்த்து, தயிர்ல வறுத்த சீரகப் பொடி, புதினா போட்டுக் கலந்து குடுங்க. அம்மா கடிக்கவே வேண்டாம்."

நம்ம ஊர்க் கோசுமல்லியைத்தான் கொஞ்சம் மாற்றிச் சொன்னாள். ஆனாலும் அன்றைக்கே செய்தேன், அத்தை கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்கள். பிழிந்த வெள்ளரித் தண்ணீரை வீணாக்காமல் மோரில் ஊற்றச் சொன்னதும் அவள்தான். காசு வாங்காமலே இவ்வளவு பொறுமையாகச் சொல்கிறவள் ஏமாற்றுவாள் என்று யாருக்குத் தோன்றும்? தூண்டிலில் நிஜப் புழுவைத்தான் கோத்திருந்தாள்.

கியூஆர் குறியீடு அனுப்பினார்கள். ஸ்கேன் செய்தால் பக்கத்தின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "அது எங்க அக்கவுண்டன்ட் பேரு அக்கா, ஜிஎஸ்டி வேலை நடந்துட்டு இருக்கு" என்றாள். 3,850 போனது. "வெல்கம் டு த ஃபேமிலி" என்று பூங்கொத்துப் படம் வந்தது.

அப்புறம் பெட்டி வந்தது. ஆலிவ் எண்ணெயை ஒரு ஸ்பூன் வாயில் விட்டேன். நல்ல எக்ஸ்ட்ரா விர்ஜின் எண்ணெயில் லேசான கசப்பு இருக்கும், விழுங்கினால் தொண்டையில் மிளகு மாதிரி ஒரு காரல் பிடிக்கும். இதில் ஒன்றுமே இல்லை. மணமும் இல்லை, வெறும் வழவழப்பு. லேபிளில் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணை எண்ணிப் பார்த்தேன்: 13 இலக்கம். உரிம எண் என்றால் 14 இலக்கம் இருக்க வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்காக இருந்ததால் பாட்டிலை ஈரத் துணியால் துடைத்தேன். லேபிளின் ஒரு முனை கிளம்பியது. பிடித்து மெதுவாக உரித்தால் அடியில் இன்னொரு லேபிள்! பாதி கிழிந்திருந்தாலும் "ஆலிவ் போமஸ் ஆயில்" என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆலிவ் காயைப் பிழிந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுகிற சக்கையிலிருந்து கரைப்பான் போட்டு எடுத்து, சுத்திகரித்து விற்பதுதான் போமஸ். அது விஷம் இல்லை, வதக்கவும் பொரிக்கவும் வாங்குகிறார்கள். ஆனால் எக்ஸ்ட்ரா விர்ஜின் என்று சொல்லி, அந்த விலைக்கு, பச்சையாக சாலட்டில் ஊற்றிச் சாப்பிடக் கொடுப்பது பச்சை மோசடி. வினிகரைப் பற்றி என்ன சொல்ல? திறந்ததும் மூக்கைத் துளைத்தது. தள்ளுவண்டி ஃப்ரைட் ரைஸ் கடையில் வைத்திருக்கும் வெள்ளை வினிகரில் பழுப்பு நிறம் கலந்தது போலத்தான் இருந்தது.

சரி, வகுப்பாவது உருப்படியாக இருக்கும் என்று பார்த்தால் நேரலையே கிடையாது. "நெட்வொர்க் பிரச்சினை" என்று ஒத்திப்போட்டு, கடைசியில் பதிவு செய்த வீடியோ லிங்க்கைத் தட்டிவிட்டார்கள். யாரோ வெளிநாட்டுக்காரர் கை நறுக்குகிறது, மேலே இவள் தமிழில் பேசுகிறாள். மூலையில் இருந்த முத்திரையை ஒரு பூ ஸ்டிக்கர் போட்டு மறைத்திருக்கிறாள்.

அதைக்கூட விடுங்கள். சொல்லிக்கொடுத்த விஷயம்தான் வயிற்றைக் கலக்குகிறது. பச்சை முட்டையில் மயோனைஸ் அடிக்கச் சொல்கிறாள். பச்சை முட்டை மயோனைஸ் தயாரிக்கவும் விற்கவும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசே தடை போட்டது. சால்மொனெல்லா மாதிரி கிருமிகளுக்குப் பயந்துதான் போட்டார்கள். இதுவாவது பரவாயில்லை. பச்சைப் பூண்டை உரித்து எண்ணெயில் மூழ்கவிட்டு, அடுப்படி அலமாரியில் ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாமாம்! எண்ணெய்க்குள் காற்று போகாது, பூண்டில் புளிப்பும் கிடையாது. அந்த மாதிரி இடம்தான் பொட்டுலிசம் என்கிற, உயிருக்கே ஆபத்தான நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு வசதி. கெட்டுப்போனது வாடையிலோ ருசியிலோ தெரியவும் தெரியாது. பூண்டு எண்ணெய் வேண்டுமென்றால் அன்றன்றைக்குச் செய்யுங்கள், மிஞ்சினால் பிரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள். இதைச் சொல்லாமல் ஒரு வகுப்பு நடத்துகிறாள், அதற்கு 3,850 ரூபாய்.

இரண்டு லேபிளையும் படம் எடுத்து அனுப்பிக் கேட்டேன். முதலில், "ஒவ்வொரு பேட்சும் டேஸ்ட் மாறும் அக்கா, பிரிட்ஜில வச்சுப் பாருங்க, உறைஞ்சா ஒரிஜினல்." அந்தச் சோதனையே சுத்தப் பொய். போமஸும் உறையும், அசல் எண்ணெயும் சில நேரம் சரியாக உறையாது. லேபிள் மேல் லேபிள் எப்படி வந்தது என்று கேட்டேன். "கூரியர்ல மாத்தியிருப்பாங்க." கூரியர்காரன் உட்கார்ந்து லேபிள் ஒட்டுவானா?

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சே மாறிவிட்டது. "மேடம், அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா?" இல்லை என்றேன். "அப்போ பாலிசிப்படி ஒன்னும் பண்ண முடியாது. பாட்டிலைத் திறந்துட்டா ரிட்டர்ன் கிடையாது." திறக்காமல் எப்படி அம்மா ருசி தெரியும்? "டீம்கிட்ட எஸ்கலேட் பண்ணியிருக்கோம் மேடம்." மறுநாளும் டீம். அதற்கு மறுநாளும் டீம். எந்த டீம் என்று கேட்டதற்கு இரண்டு நீல டிக் மட்டும் வந்தது. அவர்கள் பதிவின் கீழே நாகரிகமாக ஒரு கேள்வி எழுதினேன், அரை மணி நேரத்தில் அழித்துவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். வீட்டுக்காரர் எண்ணிலிருந்து கூப்பிட்டால் அதே குரல் எடுக்கிறது, என் பெயரைச் சொன்னதும் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுகிறது. அத்தைக்கு வெள்ளரிக்காய் சொல்லிக்கொடுத்த அதே குரல்!

வங்கியில் கேட்டால், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியது, நாங்கள் திருப்ப முடியாது என்கிறார்கள். 1930-இல் சைபர் குற்றப் புகார் பதிந்தேன், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தேன். இணைய வணிகத்துக்கு 2020-இலேயே விதி வந்துவிட்டது: குறைதீர் அலுவலர் பெயரைப் போட வேண்டும், புகார் வந்த 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இவர்கள் பக்கத்தில் முகவரியே இல்லை, அலுவலருக்கு எங்கே போவது!

டிப்ஸ் என்று ஆரம்பத்தில் சொன்னேன், விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. பணம் அனுப்பும் முன் திரையில் வருகிற பெயரைப் பாருங்கள். கடைப் பெயர் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ எண் 14 இலக்கமா என்று எண்ணுங்கள், எஃப்எஸ்எஸ்ஏஐ தளத்தில் போட்டுப் பாருங்கள். பெட்டி வந்தால் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெயை அடிமாட்டு விலைக்கு யாரும் தர முடியாது, இனாமாகவும் தர முடியாது.

டிரெஸ்ஸிங்குக்கு ஆலிவ் எண்ணெய்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தெரிந்த செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் மூன்று பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, கால் ஸ்பூன் கடுகுப் பொடி, உப்பு. மூடி போட்ட பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். கடுகு இருப்பதால் எண்ணெயும் சாறும் சட்டென்று பிரியாது. சாப்பிடப் போகும்போது ஊற்றுங்கள், முன்னாடியே ஊற்றினால் காய் தண்ணீர் விட்டுத் தொளதொளத்துப் போகும். அவ்வளவுதான் விஷயம். இதற்கா 3,850?

இந்த மாதிரி சாலட் வகுப்புக்கு இதே 3,850 கட்டியவர்கள் யாராவது இருந்தால், அந்தப் பக்கத்துக்காரர்கள் உங்களையும் பிளாக் செய்வதற்குள் பணம் போன ரசீதையும் அரட்டையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பாட்டில் கையில் இருந்தால் லேபிளை ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். அடியில் எழுத்து தெரிந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், என் புகார் எண்ணைத் தருகிறேன்.