மறுபடி நெஞ்சைத் திறப்பதா, விலா இடுக்கில் ரோபோவா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாவுக்கு பைபாஸ் செய்து 15 வருடமாகிறது, இப்போது இதயத்தின் இடது பக்க அறைகளுக்கு நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு கசிகிறது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தால் அன்று நெஞ்செலும்பைச் சேர்த்துக் கட்டிய கம்பிகள் முறுக்கு முறுக்காக வரிசையாகத் தெரிகின்றன. "மறுபடி அதை வெட்டணுமா? ரோபோல முடியாதான்னு கேட்டுப் பாருடா" என்கிறார்.

ரோபோ தானாக எதையும் வெட்டாது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சர்ஜன் தள்ளி உட்கார்ந்து கையை அசைக்க, உள்ளே கருவி அசைகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை நெஞ்சைத் திறப்பதில் பயமே ரம்பம் இறங்கும் அந்தச் சில நிமிடங்கள்தான். பழைய ஆபரேஷனுக்குப் பிறகு இதயம் எலும்பின் பின்புறம் ஒட்டியிருக்கலாம், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பைபாஸ் குழாயும் அங்கேயே கிடக்கலாம், கிழிந்தால் ரத்தம் கொட்டும். அதனால்தான் முன்கூட்டியே சிடி ஸ்கேன் எடுத்து எது எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறார்கள். மலேசியாவின் முன்னாள் பிரதமர் மகாதீருக்கு 1989-இல் முதல் பைபாஸ், 2007-இல் இரண்டாவது, அப்போது அவருக்கு 82 வயது. ஆக, செய்ய முடியாத காரியமில்லை. மறுபடியும் பைபாஸ்தான் தேவை, கூடவே வேறு வால்வும் பார்க்கணும் என்றால் நானும் திறப்பதையே சொல்வேன்.

மாமாவுக்கு மைட்ரல் மட்டும்தான். ரோபோ வலது விலா இடுக்கில் சின்ன ஓட்டைகள் வழியாகப் போகிறது, எலும்பைத் தொடுவதில்லை, அந்தப் பக்கமிருந்து வால்வு நேராக, பெரிதாகத் தெரியும். போன தடவை பைபாஸுக்குத் தமனி எடுத்தது இடது பக்கம், வலது பக்கம் யாரும் கை வைக்கவில்லை. எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. சிக்கல் வேறு இடத்தில்: இதய-நுரையீரல் மெஷினைத் தொடை வழியாக இணைக்கணும், அங்கே ரத்தக்குழாய் சுண்ணாம்பு படிந்திருந்தால் துணுக்கு மூளைக்குப் போகலாம். ஒரு பக்க நுரையீரலை ஓய்வில் வைக்கணும், மாமாவோ 30 வருடம் சிகரெட் பிடித்தவர். நேரமும் கூடும், பில்லும் கூடும்.

தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய் கசியும் வால்வில் கிளிப் மாட்டுவதும் உண்டு, ஆனால் கசிவு கொஞ்சம் மிஞ்சலாம். ஆபரேஷனே தாங்காதவர்களுக்குச் சரி.

டாக்டரிடம் கேட்க எழுதி வைத்திருக்கிறேன்: இப்படி இரண்டாவது தடவை வந்தவர்களுக்கு ரோபோவில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், பாதியில் நெஞ்சைத் திறக்க வேண்டி வந்தால் யார் திறப்பார்? அப்புறம் மாமா சேர்த்த கேள்வி, மோட்டார் சைக்கிள் எப்போது ஓட்டலாம். எலும்பை வெட்டினால் அது சேரவே 6 முதல் 8 வாரம் ஆகும் என்றதும் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.