கல்லூரி இடமா, கேமரா வண்டியா?

2022 டிசம்பரில் என் கையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று, திரைப்படத் துறையில் இரண்டரை ஆண்டு டிப்ளோமா படிக்க ஒரு தனியார் கல்லூரி கொடுத்த இடம். இன்னொன்று, கேமராப் பிரிவில் 18 மாதம் தொழில் பழக எடுத்துக்கொள்வதாகக் கோலாலம்பூர் செந்தூலில் உள்ள ஒரு சிறிய தயாரிப்பு நிறுவனம் எழுதித் தந்த ஒப்பந்தம். நான் இரண்டாவதில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதமே என் சின்னம்மா மகன் அதே மாதிரி ஒரு டிப்ளோமாவில் சேர்ந்தான். இப்போது இருவருக்குமே சோறு போடுவது படப்பிடிப்புதான். எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். பள்ளித் தேர்வுகளை முடித்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் என்னை நிறுத்தி எது நல்லது என்று கேட்கிறார்கள். நின்ற இடத்தில் சொல்லி முடிக்க முடியாததால் எழுதுகிறேன். தொழில் பழகும் பக்கம் சாய்ந்தவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பணத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. தம்பிக்கு பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடன், எனக்கு மாதம் 1,500 ரிங்கிட். கருவிகளும் அப்படித்தான். கல்லூரியில் கேமராவுக்கு முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். கம்பெனியில் அது தினமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், ஆனால் முதல் மூன்று மாதம் துடைக்கவும் தூக்கவும் மட்டும்தான்.

கல்லூரி கொடுப்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குழல் விளக்கு உள்ள அறையில் ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒரு பங்காக வைத்தால் படம் மினுக்காது என்பது எனக்குக் கைப்பழக்கமாக வந்துவிட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது, அந்த ஷட்டரில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு விழுகிறது என்று தம்பிதான் ஒரு மாமாக் கடையில் டிஷ்யூ தாளில் வரைந்து காட்டினான். காரணம் தெரிந்தவன் புது இடத்தில் தடுமாற மாட்டான். சான்றிதழும் சும்மா இல்லை. அங்காசாபுரியில் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.எம். வேலைதான் கனவு என்றால் தயாரிப்பாளர் பதவிக்குப் பட்டம் கேட்பார்கள், உதவித் தயாரிப்பாளருக்கு டிப்ளோமா. அந்தக் கனவு உள்ள பிள்ளை கல்லூரிக்குத்தான் போக வேண்டும். தனியார் கல்லூரிக்குப் பணம் கட்டுமுன் அரசு நடத்தும் கலைக் கல்லூரியான அஸ்வாராவையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

மற்றவர்களுக்கு எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. அடுத்த போன் யாரிடமிருந்து வரும்?

கோலாலம்பூரில் தமிழ் நாடகமோ டெலிமூவியோ எப்படி உருவாகிறது என்று பாருங்கள். புக்கிட் ஜாலிலில் இருக்கும் ஆஸ்ட்ரோ போன்ற ஒளிபரப்பு நிறுவனம் ஒரு படைப்புக்கு ஒப்புதல் தரும். அதை எடுத்துக் கொடுப்பது வெளியே இருக்கும் சிறிய தயாரிப்பு நிறுவனங்கள். அவர்களிடம் நிரந்தர ஆட்கள் குறைவு. வேலை வந்த பிறகுதான் இயக்குநர் ஒளிப்பதிவாளரைக் கூப்பிடுவார், ஒளிப்பதிவாளர் தன் உதவியாளர்களைக் கூப்பிடுவார். இந்த வேலைகளுக்கு விளம்பரம் வந்து நான் பார்த்ததே இல்லை. இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் 'நாளைக்கு ஃப்ரீயா?' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். அந்த வரியை அனுப்புகிறவர் சான்றிதழைக் கேட்பதில்லை. காலை ஐந்தரைக்கு வண்டிப் பக்கத்தில் நிற்பாளா, நடிகர்களிடம் வீண் பேச்சு பேசாமல் இருப்பாளா, தப்பு நடந்தால் மறைக்காமல் சொல்வாளா என்று யோசிக்கிறார். இதெல்லாம் கூட இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பதினோராவது மாதம் ஃபோகஸ் பிடிக்கக் கொடுத்தார்கள், அதாவது நடிகர் நகர நகர லென்ஸ் வளையத்தைத் திருப்பி முகத்தைத் தெளிவாக வைத்திருக்கும் வேலை. 85 எம்.எம். லென்ஸை எஃப் 2-இல் திறந்து வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நடிகையை நிறுத்தினால், படத்தில் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர்தான். அவர் லேசாகச் சாய்ந்தாலே கண் மங்கிக் காது தெளிவாகிவிடும். செந்தூலில் ஒரு பழைய கடைவீட்டு மாடி, இரவு இரண்டு மணி, அழுகிற காட்சி. ஒரே டேக்கில் அந்த நடிகை அருமையாகச் செய்தார். இயக்குநர் 'ஓகே' என்றார். விளக்கைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி வசனத்தில் அவர் முன்னால் சாய்ந்தபோது நான் பின்தங்கிவிட்டேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். சின்ன மானிட்டரில் அது தெரியாது. எனக்கு வயிறு கலங்கியது. அப்புறம் சொன்னேன்: "அண்ணே, கடைசியில ஃபோகஸ் போயிடுச்சு. நான் விட்டுட்டேன்."

கேமரா அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இயக்குநரிடம், "இன்னொண்ணு எடுத்துக்கலாம்" என்றார். நான்கு நிமிடத்தில் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்த வாரத்தில் அவரே கூப்பிட்டார், நிறுவனத்துக்கு வெளியே, நாள் சம்பளத்துக்கு. "அன்னைக்கு நீ வாயைத் திறந்தல்ல, அது போதும்" என்றார். அதற்குப் பிந்தைய முதல் வருடத்தில் இரண்டே இரண்டு வேலைகள்தான் எனக்கு முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வந்தன. மற்றவை எல்லாம் அந்த 18 மாதத்தில் நான் கீழே நின்று வேலை பார்த்த மூன்று ஒளிப்பதிவாளர்கள் வழியாக வந்தவை.

தம்பியின் கடைசி ஆண்டுப் படத்திலும் இதே மாதிரி ஃபோகஸ் போன ஒரு ஷாட் இருந்தது. இரண்டு வாரம் கழித்து எடிட்டிங்கில்தான் கண்டுபிடித்தார்கள். விரிவுரையாளர் மதிப்பெண்ணைக் குறைத்தார், எங்கே தவறினார்கள் என்று பொறுமையாக விளக்கவும் செய்தார். நான் கற்றதைத்தான் அவனும் கற்றான். ஆனால் அவன் பொறுப்பாக நடந்துகொண்டதைப் பார்த்த யாரும் அவனுக்கு வேலை கொடுக்கும் நிலையில் இல்லை. வகுப்புத் தோழர்கள் அவனைப் போலவே வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள். அவனுக்கு வந்த முதல் சம்பள வேலை, படிப்பின் நடுவே நான்கு மாதம் தொழிற்பயிற்சிக்குப் போன கம்பெனியிலிருந்து வந்தது. டிப்ளோமாவுக்குள் இருந்த தொழில் பழகும் பகுதிதான் அவனுக்கும் கதவைத் திறந்தது என்று நான் சொன்னால் அவன் மறுப்பதில்லை. அதே சமயம், பத்து வருடம் கழித்து அந்தத் தோழர்களில் நான்கு பேர் இயக்குநர்களாகி அவனைக் கூப்பிடலாம். எனக்கு அப்படி ஒரு கூட்டம் கிடையாது. என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் என்னைவிட இருபது வயது மூத்தவர்கள், அந்தக் கவலை எனக்கு உண்டு.

பினாங்கில் பிறந்த மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லி 1948-இல் பி.எஸ். ராஜ்ஹான்ஸ் என்ற இந்திய இயக்குநர் கூப்பிட்டுச் சிங்கப்பூர் ஸ்டூடியோவுக்குப் பாடப் போனவர். அங்கே கேமரா உதவியாளராகவும் நின்று வேலை பார்த்து, 1955-இல் இயக்குநர் ஆனார். அப்போது இங்கே திரைப்படக் கல்லூரி எதுவும் இல்லை, அதனால் இதை ஆதாரமாகக் காட்ட மாட்டேன். ஆனாலும் அதிகாலையில் கேமராப் பெட்டியைத் தூக்கும்போது நினைத்துக்கொள்ளப் பிடிக்கும்.

சரி, தொழில் பழகுவதில் உள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் முதலில் அதில்தான் மாட்டினேன். செந்தூலுக்கு முன் வேறொரு நிறுவனத்தில் மூன்று மாதம் இருந்தேன். கடிதம் இல்லை, சம்பளம் இல்லை, சாப்பாடும் பெட்ரோல் காசும் மட்டும். தே தாரிக் வாங்கவும் பெட்டி தூக்கவும் கற்றேன். கேட்டபோது, "கத்துக்க வந்த பொண்ணுதானே" என்றார்கள். அந்த மூன்று மாதத்தில் என்னைக் கவனித்துப் பார்த்த ஒரு ஒளிப்பதிவாளர்கூட இல்லை. ஆக, நான் மேலே சொன்ன பலனும் அங்கே பூஜ்யம்.

அதனால் இரண்டாவது முறை அப்பா கடிதத்தைக் கேட்டு வாங்கச் சொன்னார். 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தப்படி, தொழில் பழகும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், காலம் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 24 மாதம், அதற்குள் முறையாகப் பயிற்சி தர வேண்டும். பெர்கேசோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பும் இப்படிச் சேர்ந்தவருக்கு உண்டு. மழையில் நனைந்த கேபிளுக்கும் உயரத்தில் கட்டிய விளக்குக்கும் நடுவில் வேலை பார்ப்பவருக்கு அது பெரிய விஷயம். 'முதல்ல வேலையப் பாரு, அப்புறம் எழுதலாம்' என்கிற இடத்துக்கும் கல்லூரிக்கும் நடுவே தேர்வு என்றால், யோசிக்காமல் கல்லூரிக்குப் போங்கள்.

நான் பேசுவது கேமராப் பிரிவை வைத்து. ஒலிப்பதிவும் ஏறக்குறைய இப்படித்தான் என்று பூம் மைக் பிடிக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள். எடிட்டிங், கிராஃபிக்ஸ் பக்கம் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே கல்லூரி லேப்பில் மணிக்கணக்காக உட்கார்ந்து பழகியதுதான் உதவியது என்று தம்பி உறுதியாகச் சொல்கிறான், அவன் பேச்சை நம்பலாம். இரண்டுக்கும் நடுவில் எஸ்.எல்.டி.என். என்ற அரசுத் திட்டமும் இருக்கிறது. பயிற்சியில் 70 முதல் 80 சதவீதம் வேலையிடத்தில், மீதி பயிற்சி மையத்தில், முடிவில் திறன் சான்றிதழ். அந்த வழியில் போனவர்கள் என் வட்டத்தில் இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. "ராத்திரி ரெண்டு மணிக்கு யாருமா வீட்டுக்குக் கொண்டாந்து விடுவா?" என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி. நள்ளிரவுக்கு மேல் எல்.ஆர்.டி. ரயில் கிடையாது. என் கடிதத்தில் சம்பளம், பிரிவு, கால அளவு மூன்றும் இருந்தன, போக்குவரத்து இல்லை. கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டேன். இரவுப் படப்பிடிப்பு என்றால் நிறுவன வண்டியில் வீட்டு வாசல் வரை என்று அந்த முதலாளி பேனாவால் எழுதிச் சேர்த்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தார். அம்மா அதைப் படித்த பிறகுதான் பேனாவை என்னிடம் கொடுத்தார்.