ஓ.ஆர்.எஸ். பொட்டலம்: குழந்தை இருக்கிற வீட்டில் இரண்டு பொட்டலமாவது இருக்கட்டும்

ஓ.ஆர்.எஸ். என்பது பேதியில் உடம்பு இழக்கும் தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டக் குடிக்கும் கரைசல். நான் சொல்வது ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கும் தூள் பொட்டலத்தை, ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிற அட்டை டப்பாவை அல்ல. மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கடையில் ஓ.ஆர்.எஸ். கேட்டால் எடுத்துக் கொடுத்தது அந்த டப்பாவைத்தான், பின்பக்கம் படித்துப் பார்த்தால் சர்க்கரை ஏகத்துக்கும் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும், அவ்வளவுதான். குளுக்கோஸ் உப்பைக் குடலிலிருந்து ரத்தத்துக்குக் கூட்டிப்போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். சர்க்கரை கூடினால் தண்ணீர் திரும்பக் குடலுக்குள் வந்து பேதி அதிகமாகும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் போராடியதில், 2025 அக்டோபரில் இந்த மாதிரி பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. அவருக்குக் கோடி நன்றி. ஆனாலும் லேபிளைப் படித்தே வாங்குங்கள்.

சுவை சுமார்தான். ஆரஞ்சு வாசனை உள்ளதைப் பிள்ளைகள் குடித்துவிடும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் சாதாப் பொட்டலத்துக்கு முகம் சுளிக்கும். மடமடவென்று கொடுத்தால் அப்படியே வாந்தி, அதனால் பாலாடையிலோ ஸ்பூனிலோ இரண்டு நிமிடத்துக்கு ஒரு வாய் என்று பொறுமையாகப் புகட்டணும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி. இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போனதற்கும் 50 முதல் 100 மில்லி. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, சோறும் கொடுக்கலாம். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

இதோடு துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் சேர்ந்தால்தான் வைத்தியம் முழுசு: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை 10 மி.கி., 14 நாள். பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள், அது தப்பு.

அப்புறம், இந்தப் பொட்டலத்தை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்துவிடக் கூடாத நேரமும் உண்டு. கண் குழி விழுந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாக இறங்கினால், குழந்தை துவண்டு கிடந்தால், குடிக்கவே மாட்டேன் என்றால், மலத்தில் ரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை என்றால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம், பேதி என்றாலே டாக்டரிடம் போய்விடணும். "தொக்கம் எடுத்தால் (வயிற்றில் சிக்கியதாக நம்பும் உணவை வெளியே எடுப்பது) சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள், ஆனால் அதற்காக அலையும் நேரத்தில் பிள்ளையின் உடம்பில் தண்ணீர் வற்றிக்கொண்டே போகும். பெரியவர்களுக்கான பேதி நிறுத்தும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது அதைவிட ஆபத்து.

பெரிய குறை அச்சு. எறும்பு மாதிரி எழுத்து, அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். "ஒரு லிட்டர்" என்பதைத் தமிழில் பெரிதாகப் போடணும், ஏனென்றால் முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கும் வீடுகள் உண்டு, உடம்பில் உப்பு ஏறினால் பிள்ளைக்கு வலிப்பே வரலாம். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கடையில் கிடைக்கிறது, அளவில் சந்தேகம் இருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.