பானாசோனிக் சிஆர் 2032: கம்ப்யூட்டர் தப்பு நேரம் காட்டினால் முதலில் வாங்க வேண்டிய பேட்டரி

காலையில் டெஸ்க்டாப்பைப் போட்டால் நேரம் நேற்று இரவிலேயே நிற்கிறது, சில நாள் தேதி பல வருடம் பின்னால் போய், பேங்க் தளத்தைத் திறந்தாலே பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது என்றால், மதர்போர்டு போய்விட்டது என்று யார் சொன்னாலும் உடனே தலையாட்டாதீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்த சர்வீஸ்காரர் அப்படித்தான் சொன்னார். கடைசியில் மாற்றியது போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரியை மட்டும், நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி) தரும் ஸ்டாண்ட்பை மின்சாரத்திலேயே கடிகாரம் ஓடிவிடும். நாம்தான் ஷட்டவுன் செய்ததும் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுகிறோமே, அதுமுதல் கடிகாரத்துக்குத் துடிப்பு கொடுக்கும் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலை ஓட்டுவது இந்த பேட்டரிதான். அதனால் ஒருநாள் இரவு சுவிட்சை அணைக்காமல் விட்டுப் பாருங்கள், காலையில் நேரம் சரியாக இருந்தால் பெரும்பாலும் பேட்டரி தீர்ந்துவிட்டது. விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குச் சரியாக ஐந்தரை மணி நேரம் மாறினால் அது செட்டிங்ஸ் விஷயம், ஏனென்றால் லினக்ஸ் வழக்கமாக போர்டு கடிகாரத்தை உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்ளும். அதற்கு பேட்டரி வாங்கிப் பயனில்லை.

இதற்கு முன்னால் அட்டையில் வரும் மலிவு பேட்டரி ஒன்றைப் போட்டோம். மல்டிமீட்டரில் புதிதிலேயே 3 வோல்ட் காட்டவில்லை, சீக்கிரமே பழைய கதை ஆரம்பித்துவிட்டது. பானாசோனிக் 3.2 காட்டியது, கொள்ளளவு 225 மில்லிஆம்பியர்-மணி, போட்டதிலிருந்து நேரம் அசையவில்லை. கடையில் சிஆர் 2025 பேட்டரியைக் கொடுத்து "இதுவும் அதேதான் சார்" என்றால் வாங்காதீர்கள். விட்டம் ஒன்றுதான், 20 மில்லிமீட்டர், ஆனால் தடிமன் 3.2-க்குப் பதில் 2.5 என்பதால் ஹோல்டரில் ஆடும்.

மாற்றும் முன் பயாஸ் (கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் ஓடும் மென்பொருள்) செட்டிங்ஸைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பேட்டரியைக் கழற்றினால் அவை அழிந்துபோகலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓரத்துக் கிளிப்பை நகத்தால் தள்ளினால் பழையது துள்ளி வெளியே வரும், புதியதை பிளஸ் பக்கம் மேலே தெரிய வையுங்கள். அப்புறம் பயாஸில் தேதி, நேரம் சரிசெய்தால் போதும்.

பேக்கிங்கைக் கத்தரிக்கோல் இல்லாமல் பிரிக்க முடியாது, அது எரிச்சல்தான், ஆனால் இருக்கட்டும். குழந்தை இதை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடலாம், பழைய பேட்டரியையும் மேசையில் போட்டுவிடாதீர்கள். லேப்டாப்காரர்கள் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள், பலவற்றில் வயரும் கனெக்டரும் சேர்ந்த பேட்டரிதான் இருக்கும்.