மாஸ்டர் பிளான் ஆட்சேபணை சேவை: கவுன்சிலரால் என்ன ஆகும்?

தமிழ்நாட்டில் ஓர் ஊருக்கு, எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், போடும்போது நமக்குக் கிடைக்கும் சேவை ஆட்சேபணை கேட்பு. 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வரும். எழுத்து மூலம் சொல்லக் குறைந்தது 2 மாதம் அவகாசம் உண்டு. நேரில் பேச விரும்புவதாக மனுவிலேயே எழுதினால் வாய்ப்புத் தர வேண்டும். பல மனுக்களில் அந்த ஒரு வரிதான் இருக்காது.

ஏட்டளவில் குறை சொல்ல முடியாது. கவுன்சிலரின் பங்கு என்று வரும்போதுதான் மதிப்பெண் சரிகிறது. அரசியல் சாசனத்தின் 12-வது அட்டவணையில் உள்ள 18 பணிகளில் முதலில் நிற்பதே நகரமைப்புதான். ஆனால் சென்னையில் வரைபடம் போடுவது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), ஒப்புதல் தருவது மாநில அரசு. மாநகராட்சியின் 200 கவுன்சிலர்களும் ஒன்றாகக் கை தூக்கினாலும் வரைவு நிற்காது. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் ஆட்சிதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சென்னைக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்.

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) எல்லைக்குள் வரும் நகராட்சிகளில் கவுன்சிலருக்குக் கொஞ்சம் பிடி இருக்கிறது. அங்கே நில உபயோக மாற்றக் கோப்பில் மன்றத் தீர்மானமும் சேரும். கோளாறும் அங்கேதான்: ஐம்பது அறுபது அஜெண்டா பொருள்களை வாசிக்காமலேயே ‘ஆல் பாஸ்’ என்று முடிக்கும் கூட்டங்கள் உண்டு. விவசாய நிலம் குடியிருப்பாவது அந்தக் கட்டில் ஒரு பொருள் எண்ணாக ஒளிந்திருக்கும். எனவே கூட்டத்துக்கு முன்பே கவுன்சிலரிடம் அஜெண்டா நகல் வாங்கி சர்வே எண்களைப் பார்த்துவிடுங்கள். தீர்மானம் ஏறியபின் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆட்சேபணை தோற்பதற்கு ஒரு முக்கியக் காரணம் சர்வே எண். நகரத்துப் பத்திரத்தில் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர நில அளவை எண்) இருக்கும், வரைவு வரைபடத்திலோ பழைய வருவாய் கிராமப் பெயரும் சர்வே எண்ணும் இருக்கலாம். இரண்டையும் எழுதாவிட்டால் மனு எந்த இடத்தைச் சொல்கிறது என்றே அலுவலகத்துக்குப் புரியாது. உட்பிரிவு எண்ணை விட்டாலும் அதே கதி. ‘எங்கள் ஏரியைக் காப்பாற்றுங்கள்’ என்பது பொதுக் கருத்துக் குவியலுக்குப் போய்விடும். ‘இந்தக் கிராமம், இந்தச் சர்வே எண், அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) ஏரி புறம்போக்கு, வரைவில் கலப்புக் குடியிருப்பு’ என்று எழுதி, பதிவேட்டு நகலையும் புல வரைபடத்தையும் இணைத்தால் ஒருவர் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

கவுன்சிலருக்குத் தெரிந்தது வேறு வகை: மழைக்கு எந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர், எந்தச் சிறுபாலம் மண்மூடிக் கிடக்கிறது, எந்த வாய்க்கால்மேல் கடை எழும்பியிருக்கிறது. பல வரைபடங்களில் இவை இருக்காது. இதை அவரது லெட்டர்பேடில் எழுதி வாங்கி அனுப்புவது பரவலான பழக்கம். அதற்கு இன்னொரு மனுவின் மதிப்புதான். வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் ஏரியா சபையில் பேசி, சர்வே எண்ணோடு நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றி, வார்டு குழு வழியாக மன்றத் தீர்மானமாக்கினால் அது உள்ளாட்சி அமைப்பின் ஆட்சேபணையாகப் போகும். இதற்கு 2 மாதம் மிகவும் குறைவு. மன்றக் கூட்டம் தள்ளிப்போனால் கதை முடிந்தது. வரைவு வரும் முன்பே ஏரியா சபை வேலையை முடித்துவைப்பது உத்தமம். தீர்மானம் தாமதமானாலும் தனிமனுவைக் கெடுவுக்குள் கொடுத்துவிடுங்கள்.

திட்டம் ஒப்புதலானபின் திருத்த வழியே இல்லை என்பதில்லை. சட்டத்தின் 32-வது பிரிவு இருக்கிறது. ஆனால் அது தனித்தனிக் கோப்பு, தனிக் காத்திருப்பு. கடைசியாக, ஆட்சேபணை மனுவைத் தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால், நேரில் கொடுத்தால் நகலில் தேதியுடன் அலுவலக முத்திரை.