ஷாம்ராக் ரோவர்ஸா, டண்டாக்கா?

அயர்லாந்து கால்பந்து லீக்கைப் பார்க்கத் தொடங்கும் பலருக்கும் இந்தக் குழப்பம் வரும்: யார் பக்கம் சாய்வது?

பிறப்பு
ரோவர்ஸ்: டப்ளினின் ரிங்ஸ்எண்ட் பகுதி. பெயர் அங்கிருந்த ஒரு தெருவுடையது.
டண்டாக்: 1903-இல் ரயில்வே தொழிலாளர் அணி.

கோப்பைகள்
ரோவர்ஸ்: 20-க்கும் மேற்பட்ட லீக் பட்டங்கள், 1964 முதல் 1969 வரை வரிசையாக 6 எஃப்.ஏ.ஐ. (அயர்லாந்து கால்பந்து சங்கம்) கோப்பைகள்.
டண்டாக்: 14 லீக் பட்டங்கள். 1933-இல் லீக்கை வென்று, டப்ளினுக்கு வெளியே பட்டத்தைக் கொண்டுபோன முதல் அணி.

மைதானம்
டண்டாக்: 1936 முதல் ஓரியல் பார்க்தான்.
ரோவர்ஸ் கதை அப்படியில்லை. 1987-இல் உரிமையாளர்கள் சொந்த மைதானமான மில்டவுனை விட்டு வெளியேற முடிவெடுத்தார்கள். ரசிகர்கள் போராடியும் பலனில்லை, அது குடியிருப்பாகிவிட்டது. அப்புறம் 22 ஆண்டுகள் வாடகை மைதானங்களில் அலைச்சல். நடுவே 2005-இல் கடனில் மூழ்கிய கிளப்பை ரசிகர்களே கையில் எடுத்தார்கள். அதே ஆண்டு அணி கீழ்ப்பிரிவுக்கும் இறங்கியது. 2009-இல்தான் டப்ளின் புறநகரான டாலாவில் நிரந்தர இடம் கிடைத்தது.

ஐரோப்பா
ரோவர்ஸ்: 2011-இல் யூரோப்பா லீக் (ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டி) குழுச் சுற்றுக்குள் நுழைந்த முதல் அயர்லாந்து அணி. சரி, ஆறு ஆட்டமும் தோல்வி.
டண்டாக்: 2016-இல் அதே சுற்றில் நெதர்லாந்தின் அல்க்மாருடன் 1-1 என டிரா, இஸ்ரேலின் மக்காபி டெல் அவிவை 1-0 என வென்றது. எனக்கு இதுதான் பெரிய சாதனை.

கோப்பைக் கணக்கும் ரசிகர் பலமும் வேண்டுமென்றால் ரோவர்ஸ். 2024-இல் கீழ்ப்பிரிவுக்கு விழுந்து, மறு ஆண்டே எழுந்த சின்ன ஊர் அணி பிடிக்குமென்றால் டண்டாக்.