வீட்டில் செய்யும் பாஞ்சோவுக்கு ஆட்டுத்தோலா, பிளாஸ்டிக்கா?

பாஞ்சோ, மேளம்போல் முகம் கட்டிய வட்ட உடலும் நீண்ட கழுத்தும் கொண்ட தந்தி வாத்தியம். அதன் தண்டியை (கழுத்தை)ச் செதுக்கி, உடலுக்கான மர வளையத்தையும் முடித்தவர்கள் தயங்கி நிற்பது இங்கேதான்: வளையத்தின் மேல் முகமாக எதை இழுத்துக் கட்டுவது?

அளவு: தோல் எந்த வளையத்துக்கும் இணங்கும், கை வேலையில் வரும் சிறு கோணலையும் பொறுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் முகம் உலோக விளிம்போடு வருகிறது. 11 அங்குலமே பரவலான அளவு; வளையத்தை அதற்குத் துல்லியமாகக் கடைந்தாக வேண்டும்.

பொருத்துதல்: தோலை நீரில் ஊறவைத்து, ஈரத்தோடு கட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். பிளாஸ்டிக்கை அன்றே மாட்டி வாசிக்கலாம்.

ஒலி: தோலில் கனிவு, நைலான் தந்திக்குப் பொருத்தம். பிளாஸ்டிக்கில் கணீரென்ற ஓசை, எஃகுக் கம்பிக்கு ஏற்றது.

சென்னைக் காற்று: முடிவைத் தீர்மானிப்பது இதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளரும். முகத்தின் மேல் நின்று தந்திகளைத் தாங்கும் குதிரை தாழும், சுருதி இறங்கும். குளிர்சாதன அறையில் அதே தோல் இறுகி, சுருதி ஏறும். மிருதங்கக் கலைஞர்களுக்கு இது பழகிய தொல்லை. பிளாஸ்டிக் ஈரத்துக்கு அசைவதில்லை.

மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க பிளாஸ்டிக். தனியே, பழைய ஒலிக்காக வாசிக்கத் தோல். ஆனால் தோலை ஆணியடித்து நிறுத்திவிடாதீர்கள். இறுக்கும் திருகுக் கொக்கிகளை அவசியம் வையுங்கள்.